பதினோரு மணி நடை

நாராயணஸ்வாமிக்கு நடை வருவது வாரத்தில் இரண்டு நாள்தான். செவ்வாயும் வெள்ளியும், காலை பதினோரு மணிக்கு. மற்ற நேரத்தில் எல்லாம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. இந்த ரகசியம் ஏ.எஸ்.ராவ் நகரில் அந்த வீட்டுக்குள் இருந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். ஒருவர் அவர். இன்னொருத்தி, அவரைக் கட்டிக்கொண்டு நாற்பத்து மூன்று வருஷமாக லோல்படுகிற பகவதி.

பார்க்கின்சன் என்று டாக்டர் பேர் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. அந்தப் பேரைக் கேட்டதும் எல்லாரும் "கை நடுங்குமே" என்பார்கள். இவருக்கு நடுக்கம் பேருக்குத்தான், இறுக்கம்தான் ஜாஸ்தி. முகம் சிரிக்காது, சட்டைப் பொத்தான் போடக் கால் மணி ஆகும். எல்லாவற்றையும் விடப் பெரிய இம்சை நிலைப்படி. நன்றாக வந்துகொண்டே இருப்பார், வாசல் குறுக்கிட்டதும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மனசு போ என்னும், கால் மாட்டேன் என்னும். அப்படியே நின்றுவிடுவார். இரண்டு நிமிஷமும் ஆகலாம், கால் மணியும் ஆகலாம். பகவதி ஒரு பழைய திரைச்சீலைக் கம்பைக் கொண்டுவந்து காலுக்கு முன்னால் குறுக்கே போடுவாள். அதைத் தாண்டச் சொன்னால் மட்டும் அந்தக் காலுக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிடும், தாண்டிவிடுவார். இது என்ன கூத்து என்று டாக்டரைக் கேட்டதற்கு, "அது அப்படித்தாம்மா" என்றார். அதற்கு ஒரு ஃபீஸ்.

ஒரே பிள்ளை அபிநவ் சான் ஹோசேயில் இருந்தான். 2012 ஏப்ரலில் லீவில் வந்தவன், அப்பா நிலைப்படியில் நிற்பதை ஒரு தடவை பார்த்துவிட்டான். அன்றைக்கே சொல்லிவிட்டான். "பகல் பூரா கூட இருக்க ஒரு ஆள் போடணும்பா. நர்ஸிங் ஏஜென்சில கேட்டா அனுப்பறா. உங்களைத் தூக்கி உட்கார வைக்கிற மாதிரி நல்ல தாட்டியான ஆளா."

பகவதிக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. அறுபத்தாறு வயசில், எழுபத்தெட்டு கிலோ புருஷனைக் கட்டிலிலிருந்து எழுப்புகிறவளுக்குத்தான் தெரியும் அந்த வார்த்தையின் அருமை. ஆனால் நாராயணஸ்வாமி ஒரே போடாகப் போட்டார். "எனக்கு வேஷ்டி கட்டி விட என் ஆத்துக்குள்ள இன்னொருத்தன் வரதா? நான் போனப்புறம் வரட்டும்."

அப்பாவும் பிள்ளையும் இரண்டு நாள் வாதாடினார்கள். கடைசியில் சமாதானம் ஆயிற்று. நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரி அப்போதுதான் புதுசாக ஒரு ஏற்பாடு தொடங்கியிருந்தது. நோயாளி வீட்டிலேயே உடற்பயிற்சி செய்ய வேண்டும், ஆஸ்பத்திரியிலிருந்து பிசியோதெரபிஸ்ட் ஸ்கைப்பில் பார்த்துத் திருத்துவார். பன்னிரண்டு வாரம். முடிவில் வரும் ரிப்போர்ட்டில் அப்பா துணையில்லாமல் சமாளிப்பார் என்று இருந்தால் ஆள் பேச்சே கிடையாது. இல்லையென்றால் மறுநாளே ஆள். இருவரும் கை குலுக்கிக்கொண்டார்கள். விழுந்தால் யார் தாங்குவது என்கிற சமாச்சாரத்தில் தாங்குகிறவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அப்போது இரண்டு பேருக்கும் காப்பி கலந்துகொண்டிருந்தாள்.

அபிநவ் ஒரு லேப்டாப்பும், இன்டர்நெட்டுக்கு ஒரு டேட்டா கார்டும் வாங்கி வைத்துவிட்டு விமானம் ஏறினான். அந்த டேட்டா கார்டுக்கு ஜன்னலோரம் சாப்பாட்டு மேஜையில் வைத்தால் மட்டும்தான் உயிர் வரும். அங்கேயும் பாதி நேரம் பேச்சு வரும், படம் வராது. வந்த படம் அப்படியே நின்றுபோகும். கட் பண்ணிவிட்டு மறுபடி கூப்பிட வேண்டும். மவுஸை நகர்த்தி அந்தப் பச்சைப் பொத்தானைத் தட்ட நாராயணஸ்வாமியின் விரல் ஒத்துழைக்கவில்லை. அதனால் அந்த உத்தியோகமும் பகவதிக்கே வந்தது. முதல் வாரத்திலேயே ஸ்கைப்பைத் திறப்பது, கூப்பிடுவது, அணைப்பது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேமராவில் முகம் படாமல் பக்கவாட்டில் நின்று, குரல் மட்டும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவாள்.

ஸ்கைப்பில் வந்த பெண் ஜூடித். அதே ஊர் அல்வாலில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். முப்பது வயசுகூட இருக்காது. சிரித்த முகம், வேலையில் அக்கறை. பேச ஆரம்பித்தால் தமிழும் இங்கிலீஷும் ஊர் உருதுவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வரும். வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', எதற்கு என்பதற்கு 'கைக்கு', ஆமாம் என்பதற்கு 'ஹவ்'.

"அங்கிள், டென்ஷன் நக்கோ! பெரிசா நடக்கணும், அவ்ளோதான். சின்னச் சின்ன அடி வைக்கக் கூடாது. பெரிசா, பெரிசா! கை வீசணும். வாய் திறந்து சத்தமா ஆ சொல்லணும், பத்து செகண்ட்."

அவர் முதல் நாள் போட்ட 'ஆ'வில் மாடியில் குடியிருந்த சாஃப்ட்வேர் பெண்கள் இரண்டு பேர் பல் தேய்த்த பிரஷ்ஷோடு ஓடி வந்தார்கள்.

இதுவரை எல்லாம் ஒழுங்குதான். இதற்குப் பிறகுதான் நாராயணஸ்வாமியின் சர்வீஸ் அனுபவம் வேலை செய்ய ஆரம்பித்தது.

அவர் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் பப்ளிக் செக்டார் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவர். சனத்நகரில் சின்னச் சின்னப் பட்டறைகளில் கம்பெனிக்காகப் பித்தளைப் பாகங்கள் செய்வார்கள். ஒரு தடவைக்கு ஆயிரம், இரண்டாயிரம் பீஸ் கொண்ட லாட். அதை நேரில் போய்ச் சோதித்து, சரி என்றால் முத்திரை குத்துவது, இல்லையென்றால் ரிஜெக்ட் செய்வது. முப்பத்தோரு வருஷம் இதுதான் வேலை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் பட்டறைக்காரன் என்ன செய்வான்? பத்து நல்ல பீஸைத் துடைத்து மேல் ட்ரேயில் அடுக்குவான். சோடா வரும், முந்திரி பிஸ்கெட் வரும். இவர் எதையும் தொடமாட்டார். "மேல இருக்கறது எனக்கு வேண்டாம். நீச்சே வாலா திகாவ்" என்பார். கீழே இருப்பதைக் காட்டு. அடி ட்ரேயை உருவி எடுத்து ஒரு கீறலைக் கண்டுபிடித்து முழு லாட்டையும் திருப்பி அனுப்புவார். சனத்நகரில் அவருக்கு 'நீச்சேவாலா சார்' என்றே பேர். நோட்டீஸ் கொடுக்காமல் மத்தியானம் நாலு மணிக்கு, பட்டறை தூங்கி வழிகிற நேரத்தில் போய் நிற்பது அவர் ஸ்பெஷாலிட்டி. ராத்திரி சாப்பாட்டில் ஒவ்வொரு நாளும் இந்தப் பிரதாபத்தைக் கேட்டுக் கேட்டுப் பகவதிக்கே பாதி இன்ஸ்பெக்‌ஷன் வேலை தெரியும்.

அப்பேர்ப்பட்ட மனுஷன், தன் உடம்பைச் சோதிக்க ஒரு பெண் வருகிறாள் என்றதும் என்ன செய்தார்? மேல் ட்ரேயை அடுக்க ஆரம்பித்தார்.

முதலில் மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு முக்கால் மணியில் உடம்பு இளகும் என்று வாட்ச்சை வைத்துக் குறித்துக்கொண்டார். முந்தின நாள் மத்தியான மாத்திரையில் பாதியை உடைத்து ஒளித்து வைத்து, ஸ்கைப் நாளில் பத்தேகாலுக்கு ஒன்றரையாகப் போட்டுக்கொண்டார். அடுத்தது நாற்காலி. உட்கார்ந்து எழுந்திருக்கும் பயிற்சிக்காக அதன் நாலு காலுக்கும் கீழே மரக்கட்டை கொடுத்து உயர்த்தி, கட்டை தெரியாமல் போர்வையைத் தொங்கவிட்டார். அதாவது, விடச் சொன்னார். விட்டவள் பகவதி.

மூன்றாவது இருக்கிறதே, அதுதான் மாஸ்டர் பிளான். வாராவாரம் ஒரு டெஸ்ட் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். ஜூடித் செகண்ட் எண்ணுவாள். அவருக்கு நேராக நடப்பது வரும், திரும்புவதுதான் வராது. திரும்பும்போதுதான் கால் பின்னிக்கொண்டு விழுவார். ஆகையால் மூன்று மீட்டர் முடிகிற இடத்தை ஃபிரிட்ஜுக்கு அந்தப் பக்கம், கேமராவுக்குத் தெரியாத இடத்தில் வைத்தார். அங்கே பகவதி நிற்பாள். அவர் வந்ததும் இடுப்பைப் பிடித்து, தோளைக் கொடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி அனுப்பிவைப்பாள். ஜூடித்துக்குத் தெரிவதெல்லாம், அங்கிள் கம்பீரமாக ஃபிரிட்ஜுக்குப் பின்னால் போகிறார், கம்பீரமாகத் திரும்பி வருகிறார்.

"சூப்பர் அங்கிள்! பதினாலு செகண்ட்! ஆனா திரும்பறது எனக்குத் தெரியலையே. லேப்டாப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புறீங்களா?"

"அந்தப் பக்கம் சமையல்கட்டும்மா. என் ஒய்ஃப் வேலையா இருப்பா. கேமரான்னா அவளுக்குக் கூச்சம்."

ஃபிரிட்ஜுக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற கூச்சக்காரி, வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த துண்டை முறுக்கினாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

ஏன் திறக்கவில்லை என்று கேட்டால், அது அவளுக்கே வெட்கமான விஷயம். அந்த அரை மணி நேரம் அவளுக்கும் பிடித்திருந்தது. சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையும் பேண்ட்டுமாக, கை வீசி நடந்து வருகிற அந்த மனுஷனைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பொய் என்று தெரியும். பொய்யாகவாவது வாரத்துக்கு இரண்டு தரம் வருகிறாரே என்று இருந்தது. சில நாள் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் அவரைத் திருப்பி விடும்போது அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார். முகத்தில் மற்றதெல்லாம் இறுகிப் போயிருந்தாலும் அந்த ஒரு கண் அவர் பேச்சைக் கேட்டது. அதற்காகத்தான் பேசாமல் இருந்தாள்.

ஆறு வாரம் இப்படிப் போயிற்று. பலன் கிடைக்காமல் போகுமா? அங்கிள் இவ்வளவு நன்றாகத் தேறும்போது வாரம் இரண்டு தடவை எதற்கு, வெள்ளிக்கிழமை மட்டும் போதும் என்றாள் ஜூடித். நாராயணஸ்வாமிக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க கம்பெனிலயும் இப்படித்தான் பகவதி. தொடர்ந்து பத்து லாட் பாஸ் ஆனா அந்தப் பார்ட்டிக்கு சோதனையைக் குறைச்சுடுவோம்" என்றார். ஜூடித் எழுதிய ரிப்போர்ட் டாக்டருக்கும் போயிற்று. மாத்திரையைக் கூட்டலாம் என்று இருந்த டாக்டர், உடற்பயிற்சியிலேயே இவ்வளவு முன்னேற்றம் என்றால் இப்போதைக்குக் கூட்ட வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். வியாதியோ ரிப்போர்ட்டைப் படிக்கிற வழக்கம் இல்லாதது, அது பாட்டுக்கு முற்றிக்கொண்டிருந்தது. ஒன்றரை மாத்திரை போதவில்லை. இப்போது வியாழக்கிழமை மத்தியான மாத்திரையை முழுசாக மிச்சம் பிடித்து, வெள்ளிக்கிழமை இரண்டாகப் போட்டுக்கொண்டார். இரண்டு போட்டதில் உடம்பு சற்று நெளிந்து ஆடியது. ஜூடித் அதை உற்சாகம் என்று எழுதிக்கொண்டாள்.

"ஏன்னா, நன்னாவா இருக்கு இது? அந்தப் பொண்ணு நம்பி எழுதறது. வியாழக்கிழமை நீங்க படற பாடு எனக்கில்ல தெரியும்?"

"இன்னும் ஆறு வாரம்தான் பகவதி. ரிப்போர்ட் வந்துட்டா அப்புறம் ஒழுங்கா மாத்திரை போட்டுக்கறேன்."

ஒன்பதாவது வாரம் வியாழக்கிழமை அந்த மிச்சம் பிடித்த மாத்திரைக்கு வட்டி வந்தது. மத்தியானம் நாலு மணிக்குக் குளியலறை வாசலில் நின்றுபோனவர், அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். பின்னால் பகவதி இருந்தாள். பிடித்தாள். பிடித்த வலது தோளில் மளுக்கென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் ஈரத்தரையில் உட்கார்ந்தார்கள். அவள் மேல் அவர். வாசல் கதவு உள்ளே தாழ். மாடிப் பெண்கள் வர ராத்திரி ஒன்பதாகும். கூப்பிட்டாலும் கேட்க ஆள் இல்லை. முக்கால் மணி நேரம் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, கட்டிலின் காலைப் பிடித்து எழுந்திருப்பதற்குள் உயிர் போய்த் திரும்பியது.

கட்டிலில் உட்கார்ந்ததும் நாராயணஸ்வாமி அழுதார். அசையாத முகத்தில் கண்ணீர் மட்டும் வழிந்தது. "யார்கிட்டயும் சொல்லாதே பகவதி. சத்தியம் பண்ணு. சொன்னா ஆளைக் கொண்டு வந்துடுவான்."

அவள் அவர் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். வலது கை எழும்பவில்லை. இடது கையைத்தான் வைத்தாள்.

அன்றையிலிருந்து எல்லாம் இடது கைதான். குக்கர் தூக்குவது, தண்ணீர் மொள்ளுவது, அவர் தட்டில் சாதம் போடுவது எல்லாம். இடது கையால் பரிமாறினால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிற ஆசாரக்காரர் அவர். ஒரு காலத்தில் தன் தங்கையையே அதற்காக அழ வைத்திருக்கிறார். இப்போது மூன்று வேளையும் இடது கைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, அடுத்த வெள்ளிக்கிழமைக்கு எத்தனை செகண்ட் என்று கணக்குப் போட்டார். பித்தளையில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்த கண், பெண்டாட்டி கை தொங்கிப் போனதைப் பார்க்கவில்லை. பகவதி சொல்லவும் இல்லை. பார்க்கட்டுமே என்று ஒரு வீம்பு. ராத்திரியில் வலி தாங்காமல் புரளும்போது அந்த வீம்பு அழுகையாகிவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். அடுத்த தடவை விழுந்தால் எழுந்திருக்க முடியாது. இரண்டு பேரும் உள்ளேயே கிடப்போம். கதவை உடைத்துத்தான் திறப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அபிநவ் போன் செய்தபோது, சத்தியத்தை மீறாமல், சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். "அப்பாவுக்கு ஒரு ஆள் இருந்தா தேவலைடா. என்னால முடியலை."

"அம்மா, ஜூடித் ரிப்போர்ட் எனக்கும் மெயில்ல வரது. கிராஃப் போட்டு அனுப்பறா. அப்பா எவ்ளோ இம்ப்ரூவ் ஆயிருக்கார் தெரியுமா? என்னை விட வேகமா நடக்கறார். நீதான் அனாவசியமா கவலைப்படற. நீயும் கொஞ்சம் யோகா பண்ணேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாராயணஸ்வாமி, பிள்ளை சொல்வது வாஸ்தவம் என்பது போலத் தலையை ஆட்டினார். பகவதி இடது கையால் போனை வைத்தாள். யோகாவாம் யோகா!

பன்னிரண்டாவது வாரம் வந்தது. வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கடைசி டெஸ்ட், சாயங்காலம் ரிப்போர்ட். ஜூடித் என்ன எழுதப் போகிறாள் என்பது நாராயணஸ்வாமிக்கு மனப்பாடம். சட்டை இஸ்திரி போட்டுத் தயாராகத் தொங்கியது. இரண்டு மாத்திரையும் ஒரு சின்ன டப்பியில் தயார். வியாழக்கிழமை மத்தியானம் அந்த டப்பியைப் பார்த்துக்கொண்டே பகவதி ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றுதான் சத்தியம் செய்திருந்தாள். காட்டமாட்டேன் என்று செய்யவில்லை.

மூன்று மணிக்குக் கரண்ட் போயிற்று. அந்தக் கோடையிலிருந்து தினம் போவதுதான். மின்விசிறி நின்றது, வீடு கப்பென்று ஆனது. நாலு மணிக்கு நாராயணஸ்வாமி சமையல்கட்டில் தண்ணீர் குடிக்கப் போனார். போகும்போது கம்பு போட்டுத் தாண்டிப் போனார். திரும்பி வரும்போது, அவள் எதிர்பார்த்தபடியே, ஃபிரிட்ஜை ஒட்டிய நிலைப்படியில் நின்றுவிட்டார். ஒரு குதிகால் மட்டும் லேசாகத் தூக்கினபடி. கிழிந்த பனியன், அதில் காலையில் சிந்தின சாம்பார். வேஷ்டி ஒரு பக்கம் நழுவியிருந்தது. கடைவாயில் எச்சில்.

"பகவதி, கம்பு" என்றார் மெல்லிய குரலில்.

பகவதி கம்பை எடுக்கவில்லை. சாப்பாட்டு மேஜைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள். பேட்டரியில் ஓடியது. ஜூடித் பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. ஐந்து மணி வரை எரியும் என்று தெரியும். லேப்டாப்பை ஒரு சாண் அளவுக்குச் சமையல்கட்டுப் பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு வாரமாகத் திரும்பாத பெட்டி. ஒரு சாண் திருப்பியதும் எல்லாம் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. ஓடிப் போய் முந்தானையால் எச்சிலை மட்டும் துடைத்துவிட்டாள். பனியனைத் தொடவில்லை. திரும்பி வந்து, வழக்கம்போலப் பக்கவாட்டில் நின்று பச்சைப் பொத்தானைத் தட்டி, "ஜூடித், நான்தாம்மா" என்றாள்.

"ஆன்ட்டி? நாளைக்குத்தானே செஷன்?" ஜூடித்தின் முகம் வந்தது. "ஓ, அங்கிள் நிக்கறாரா. ஹலோ அங்கிள்!"

நாராயணஸ்வாமி அசையவில்லை. திரும்பியிருந்த கேமராவை இப்போதுதான் பார்த்தார். அதைப் பார்த்த கண்கூட நகரவில்லை.

"அய்யோ ஆன்ட்டி, உங்க வாய்ஸ் கேக்குது, வீடியோ ஸ்டக் ஆயிடுச்சு. அங்கிள் அப்படியே நிக்கறார். கட் பண்ணிட்டு மறுபடி போடுங்க."

பகவதிக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. சொன்னபடி கட் செய்து மறுபடி கூப்பிட்டாள்.

"ஹவ் ஆன்ட்டி, இப்பவும் அதே பிக்சர்தான். கைக்கு டென்ஷன், நெட் ஸ்லோவா இருக்கு. நாளைக்கு பதினோரு மணிக்குப் பார்த்துக்கலாமே? அங்கிள் நல்லாத்தானே இருக்கார்?"

ஓடாத விசிறி, ஆடாத காலண்டர், அதன் நடுவே ஆடாத மனுஷன். நின்றுபோன படம் என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பாள் அந்தப் பெண்? பன்னிரண்டு வாரமாக அவர் ஓடின படத்தை மட்டும்தானே பார்த்திருக்கிறாள்? பகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. நாளைக்கு என்று அவள் அணைத்துவிட்டால் முடிந்தது. நாளைக்கு அந்த மனுஷன் கை வீசி நடப்பார்.

"இரும்மா, வைக்காதே!" என்று கத்தினாள்.

நேராக நடந்து போனாள். மேஜையைச் சுற்றி, ஃபிரிட்ஜைத் தாண்டி, பன்னிரண்டு வாரமாக மறைந்து நின்ற அதே இடத்துக்கு. புருஷன் பக்கத்தில் போய் நின்று, லேப்டாப்பைப் பார்த்து இடது கையை வீசி ஆட்டினாள்.

"தெரியறதா? நான் ஆட்டறேனோல்லியோ? படம் நின்னு போகலை ஜூடித். நின்னு போனது இவர்தான். தினம் இப்படித்தான் நிக்கறார். வெள்ளிக்கிழமை பதினோரு மணியைத் தவிர."

ஜூடித்தின் கைக்கு நக்கோ எல்லாம் எங்கேயோ போய்விட்டது. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். முதலில் அங்கிளின் காலை. பிறகு பனியனை. பிறகு ஆன்ட்டியை. இத்தனை வாரத்தில் அந்த முகத்தை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"ஆன்ட்டி," என்றாள் மெதுவாக, "ஏன் லெஃப்ட் ஹேண்ட் ஆட்டறீங்க? ரைட்டைத் தூக்குங்க பாக்கலாம்."

"அதை விடு. இவரைப் பாரு."

"தூக்குங்க ஆன்ட்டி."

பகவதி தூக்கினாள். மார்பு வரைக்கும் போயிற்று. அதற்கு மேல் போகவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் நின்ற மனுஷனின் கண் மட்டும் மெல்லத் திரும்பியது. அந்தக் கையைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"எப்போலேர்ந்து?" என்றார்.

"பாத்ரூம்லேர்ந்து."

"நீ சொல்லவே இல்லையே."

"நீங்க பார்க்கலையே."

அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி முயன்றார். ஜூடித் சொல்லிக்கொடுத்தபடி வாயைப் பெரிசாகத் திறந்து, நெஞ்சிலிருந்து குரலை எடுத்தார். பயிற்சி செய்ததற்கு உருப்படியான பலன் அன்றைக்குத்தான் கிடைத்தது.

"ஜூடித்!"

"சொல்லுங்க அங்கிள்."

"நோட்டீஸ் இல்லாத இன்ஸ்பெக்‌ஷன். நாலு மணி. எழுதிக்கோ. ரிஜெக்ட்." மூச்சு வாங்கினார். "ரெண்டு பீஸும்."

ஜூடித் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுதறேன் அங்கிள். நான்தான் விடாம கேட்டிருக்கணும், அந்தத் திரும்பறதைக் காட்டுங்கன்னு. ஆன்ட்டி தோளுக்கு நாளைக்கே எக்ஸ்-ரே. பகல்ல ஒரு ஆள் கட்டாயம் வேணும்னு போடறேன். அபிநவுக்கு நானே போன் பண்றேன். போடலாமா அங்கிள்?"

நாராயணஸ்வாமி நழுவிக்கொண்டிருந்த வேஷ்டியைப் பிடிக்கக் கையை நகர்த்திப் பார்த்தார். கை வரவில்லை. பகவதி இடது கையால் அதை இழுத்துச் செருகினாள். ஒற்றைக் கையில் முடிச்சு நிற்கவில்லை, மறுபடி அவிழ்ந்தது. அவர் அதையும் பார்த்தார்.

"போடு" என்றார். "வேஷ்டி கட்டத் தெரிஞ்சவனாப் பார்த்து அனுப்பச் சொல்லு."

பகவதி கம்பைக் கொண்டுவந்து அவர் காலுக்கு முன்னால் போட்டாள்.